பொடக்காணியில் போகும் தடம்

உட்காருங்கள். வக்கீல் இப்போதுதான் உள்ளே போனார். உள்ளே போனால் முதலில் செய்தித்தாள், பிறகு காபி, பிறகு பக்கத்து அறை வக்கீலோடு கொஞ்சம் அரசியல். அதற்கப்புறம்தான் நாம். தாராபுரத்தில் எல்லா வக்கீலும் இப்படித்தான். கட்சிக்காரனைக் காத்திருக்க வைத்துப் பழுக்க வைத்தால்தான் வழக்கு இனிக்கும் என்று யாரோ இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

என் பெயர் சென்னியப்பன். சர்வேயராக இருந்தேன். இடுப்பு வலி வந்து, போன வருஷம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். முகம் கொஞ்சம் வெளுத்த மாதிரி தெரிகிறதா? இங்கிலாந்து போயிருந்தேன், ஒரு மாதம். திரும்பி வந்து பத்து நாள்தான் ஆகிறது. அதற்குள் இந்த வெயில் பாதியைத் திருப்பி வாங்கிக்கொண்டுவிட்டது.

இங்கிலாந்து என்றதும் நம் ஆட்கள் எல்லாரும் லண்டன் எப்படி இருந்தது என்று கேட்கிறார்கள். லண்டனில் நான் பார்த்தது விமான நிலையத்துக் கழிப்பறை. நன்றாக இருந்தது. அங்கிருந்து ரயிலில் வடக்கே போய், இன்னொரு ரயில் மாறி, ஒரு பஸ் ஏறி, அந்த பஸ்ஸும் இதற்கு மேல் எனக்கு வேலையில்லை என்று இறக்கிவிட்ட இடத்தில் என் மகள் காரோடு நின்றிருந்தாள். அதற்கப்புறமும் முக்கால் மணி நேரம். ஊர் பெயர் மெல்கார்த். ஊர் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். மலைச்சரிவில் கல் வீடுகள் சில, மிச்சமெல்லாம் செம்மறி ஆடு. சிவப்பாக ஒரு டெலிபோன் கூண்டு நிற்கிறது. உள்ளே டெலிபோன் இல்லை, பழைய துப்பறியும் நாவல்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். சர்ச்சுக் கோயில் உண்டு, பூட்டியிருந்தது. மதுக்கடை உண்டு, திறந்திருந்தது. அந்த அளவுக்கு நம் ஊர் மாதிரிதான்.

மழை என்று நாம் ஒன்றைச் சொல்கிறோமே, அது அங்கே கிடையாது. வானத்துக்குச் சளி பிடித்த மாதிரி ஏதோ ஒன்று காலையிலிருந்து ஒழுகிக்கொண்டே இருக்கும். அதில் நனைந்துகொண்டே, இன்று நல்ல நாள் இல்லையா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். அங்கே நின்று பார்த்தபோதுதான் எனக்கு இருநூறு வருஷச் சரித்திரம் விளங்கிற்று. இந்த ஒழுக்கலையும் வேகவைத்த உருளைக்கிழங்கையும் விட்டுத் தப்பிக்கத்தான் கப்பல் ஏறியிருக்கிறார்கள். நம்மை ஆண்டதெல்லாம் வந்த இடத்தில் பொழுது போகாமல் செய்தது.

சும்மா சுற்றிப் பார்க்க நான் போகவில்லை. என் ஒரே மகள் கோகிலவாணி அங்கே கால்நடை டாக்டர். நாமக்கல்லில் படித்தாள், அங்கே போய் இன்னொரு பரீட்சை எழுதி, நான்கு வருஷமாக அந்த மலையில் ஆட்டுக்குப் பிரசவம் பார்க்கிறாள். அங்கேயே ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றாள். ராபின் என்று பெயர். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் கேட்கிற வயதை அவள் தாண்டிவிட்டாள், சொல்லித் தோற்கிற வயதை நானும் தாண்டிவிட்டேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். கல்யாணத்தை நம் ஊரில், நம் வாசலில் பந்தல் போட்டு, சீர் செய்து, நம் முறைப்படி வைக்க வேண்டும். அவள் அம்மா உயிரோடு இருந்தால் அதைத்தான் கேட்டிருப்பாள். போனில் கேட்டதற்கு, "நீங்க ஒரு தடவ இங்க வாங்கப்பா. வந்து இருந்து பாருங்க. அப்பறம் பேசிக்கலாம்" என்றாள். அந்தப் பேச்சைப் பேசத்தான் போனேன்.

ராபின் பையன் மோசமில்லை. மோசமாக இருந்திருந்தால் எனக்குப் பேச வசதியாக இருந்திருக்கும். நான் வைத்த ரசத்தைக் காபிக் கோப்பையில் ஊற்றி, சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்து உறிஞ்சினான். இன்னொரு கோப்பை கேட்டான். என்ன சொல்வது?

போன மறுநாள் காலை. வீட்டுக்குப் பின்னால், நாம் பொடக்காணி என்போமே, அங்கே ஒரு மர பெஞ்சு. வேட்டி, ஸ்வெட்டர், குரங்குக் குல்லாய், கையில் காபி. உட்கார்ந்திருக்கிறேன். பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஒரு ஆணும் பெண்ணும் ஒரு நாயும் உள்ளே வருகிறார்கள். யாரோ என்னவோ என்று நான் எழுந்து நிற்கிறேன். அவர்கள் பாட்டுக்கு, "காலை வணக்கம்" என்று சொல்லிவிட்டு, துணி காயப்போட்டிருந்த கொடிக்கும் சமையலறை ஜன்னலுக்கும் நடுவில் நடந்து, கடைசியில் வேலியைத் தாண்டப் போட்டிருந்த மரப்படியில் ஏறி இறங்கி, அந்தப் பக்கத்து ஆட்டுக்காட்டுக்குள் போய்விட்டார்கள். நாய் மட்டும் திரும்பி ஒருமுறை என்னைப் பார்த்தது. அதற்காவது கொஞ்சம் கூச்சம் இருந்தது.

உள்ளே போய், "பாப்பா, யாரோ நம்ம வீட்டுக்குள்ள பூந்து போறாங்க" என்றேன்.

"அது தடம்ப்பா."

"என்ன தடம்?"

"பொதுத்தடம். எங்க பொடக்காணி வழியாப் போகுது. யாரு வேணா நடக்கலாம். நாங்க வீடு வாங்கறதுக்கு முந்தி இருந்தே இருக்குது. முந்நூறு நானூறு வருசமா."

"பத்திரத்துல இருக்குதா?"

"மேப்லயே இருக்குது." எடுத்துக் காட்டினாள். இருந்தது. பச்சைப் புள்ளிகளாக ஒரு கோடு மலையிலிருந்து இறங்கி வந்து, என் மகள் வீட்டுப் பொடக்காணியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, கோயில் வரைக்கும் போயிற்று. முப்பது வருஷம் நான் சங்கிலி பிடித்த ஆள். அப்படிப்பட்ட படத்தை நான் பார்த்ததே கிடையாது. எவன் காடு, எவன் வீடு என்று பார்க்காமல் இஷ்டத்துக்கு ஓடுகிறது கோடு. நம் தாலுகாவில் ஒருவன் அப்படி ஒரு புலப்படம் வரைந்தால் அன்றைக்கே சஸ்பெண்டு.

பாருங்கள், அந்த ஊரில் ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போக வேண்டுமென்றால் ஒரு வாரத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும். சொல்லாமல் போய்க் கதவைத் தட்டினால் செத்த செய்தி கொண்டுவந்தவனைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறார்கள். ஆனால் பொடக்காணியில் மட்டும் வழியே போகிறவன் எவனும் நடக்கலாம். உள்ளாடை காய்கிற கொடிக்குக் கீழே குனிந்து, வணக்கம் சொல்லிவிட்டுப் போகலாம். ஒருநாள் நான் குளித்துவிட்டுத் துண்டோடு விபூதி பூசிக்கொண்டு நிற்கிறேன், ஜன்னலுக்கு வெளியே தடிகளை ஊன்றிக்கொண்டு ஒரு கிழவி. வயது எழுபத்தைந்துக்கு மேல். நின்று, மூக்கை உறிஞ்சி, "என்ன அருமையான வாசனை, அது என்ன?" என்று கேட்கிறாள். கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நான் துண்டைப் பிடித்துக்கொண்டு மீன் என்றேன்.

அதுதான் மார்கரெட். எழுபத்தைந்து வயதுப் பெண்மணியை மொட்டையாக மார்கரெட் என்று கூப்பிட வேண்டுமாம். எனக்கு வாய் வரவில்லை. மார்கரெட் அம்மா என்றேன். ஊர்த்தடங்களைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு அவளுடையது. படி உடைந்திருக்கிறதா, சேறாகிவிட்டதா, யாராவது கதவைப் பூட்டிவிட்டார்களா என்று தினம் நடந்து பார்ப்பாள். சம்பளம் கிடையாது. நடக்காவிட்டால் தடம் செத்துவிடும் என்று என்னிடம் சொன்னாள். செத்தால் என்ன என்று கேட்கலாமென்று நினைத்தேன். மகள் பக்கத்தில் இருந்தாள், விட்டுவிட்டேன்.

இந்த இடத்தில் என் தம்பி விஷயத்தைச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். ஏனென்றால் நான் இந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பது அவனால்தான். குழந்தைவேல் என்று பேர். பாகம் பிரித்தபோது ரோட்டோரத்து விவசாயக் காடு எனக்கு, பின்னால் இருக்கிற காடும் வீடும் அவனுக்கு. என் காட்டின் வழியாக அவன் வீட்டுக்கு ஒரு வண்டித்தடம் போகும். எங்கள் அப்பா காலத்துத் தடம். ஆனால் பத்திரத்தில் கிடையாது. பத்திரத்தில் இல்லாததை நான் இருக்கிறது என்று சொல்ல முடியுமா? சர்வேயர் சொல்லலாமா? இருந்தாலும் தம்பி என்று விட்டு வைத்திருந்தேன். என் மனைவி போனபோது கோகிலா மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் அந்தத் தடத்தில்தான் ஓடுவாள். அவள் சின்னம்மாதான், என் தம்பி மனைவி, சோறு போட்டு, தலை பின்னிவிட்டு, பாடம் படிக்கவைத்து அனுப்பும். சில நாள் பிள்ளை அங்கேயே தூங்கிவிடும். நான் ஊர் ஊராகக் காடு அளக்கப் போய்விடுவேன். அதெல்லாம் குடும்பம் என்றால் இருப்பதுதான். அதைப் பெரிதுபடுத்த ஒன்றுமில்லை.

ஐந்து வருஷம் முன்னால் தம்பி போர்வெல் போட வண்டி கொண்டுவந்தான். அந்த லாரி திரும்பும்போது என் எல்லைக்கல் ஒன்றைச் சாய்த்துவிட்டது. போய்க் கேட்டேன். என்ன சொன்னான் தெரியுமா? "கல்லுதானுங்கண்ணா. நட்டுக்கலாம்."

கல்லுதானுங்கண்ணா. முப்பது வருஷம் கல் நட்டுச் சோறு தின்றவனிடம் சொல்கிற பேச்சா அது? நான் எதையும் என்னையே ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டுச் செய்கிற ஆள். அன்றைக்கும் கேட்டேன். சென்னியப்பா, நீ அற்பத்தனமாக நடந்துகொள்கிறாயா என்று கேட்டேன். இல்லை என்றுதான் பதில் வந்தது. மறுநாள் வெள்வேல முள் வெட்டி, தடத்தை அடைத்துவிட்டேன். அவன் குடும்பம் வாய்க்கால் மேட்டில் ஏறிச் சுற்றிக்கொண்டு ரோட்டுக்குப் போகட்டும். ஒன்றரை மைல்தான். நடந்தால் உடம்புக்கு நல்லது.

அடுத்த தை மாதம் ஒருநாள் விடிந்து பார்க்கிறேன், முள்ளை எல்லாம் பிரித்து எடுத்து ஓரமாகக் கத்தை கட்டி அடுக்கியிருக்கிறது. அடிக்கட்டை எல்லாம் ஒரே பக்கம், நுனி எல்லாம் ஒரே பக்கம். திருட்டு வேலையை எவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறான் பாருங்கள் என்று போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டு, தடத்தை மறுபடி அடைத்தேன். தம்பியைக் கூட்டிப்போய் ஸ்டேஷனில் பொழுது சாய்கிறவரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இனிமேல் முள்ளைத் தொடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். இல்லை என்று சொல்லாதவன் செய்தவன்தானே? அதை வைத்துத்தான் வழக்குப் போட்டேன். பிராதில் முதல் குற்றமே அதுதான். அந்த மாதமே கோகிலாவுக்கு இங்கிலாந்து போக வாய்ப்புக் கிடைத்தது. நான் அதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.

சரி, மெல்கார்த்துக்கு வருகிறேன்.

ஒரு வாரம் பொறுத்தேன். அது செம்மறி குட்டி போடுகிற பருவம். மகள் விடியுமுன் போனால் இருட்டி வருவாள். ராபின் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவான். நானும் அந்தத் தடமும்தான். கூட்டம் கூட்டமாக நடக்கிறார்கள். கழுத்தில் மேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு, முழங்கால் வரைக்கும் சேறு, முகம் நிறையப் புன்னகை. ஒருவன் என் பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி உதறிவிட்டுப் போனான். யாருமே தப்புச் செய்கிற மாதிரி நடக்கவில்லை. அதுதான் எனக்கு ஆகவில்லை.

அன்றைக்கும் என்னையே கேட்டேன். இது உன் வீடா, உனக்கென்ன என்று கேட்டேன். மகள் வீடு. பெண்பிள்ளை குடியிருக்கிற வீடு. தகப்பன் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாமா? இருக்கக் கூடாது என்றுதான் பதில் வந்தது. தோட்டக் கொட்டகையில் ஒரு கத்தி இருந்தது. வேலியில் ஒரு முள்மரம், நம் ஊர் முள்ளுக்குக் கொஞ்சமும் சளைக்காதது. வெட்டினேன். நுனி இரண்டாகப் பிளந்த கவைக்கோல் ஒன்று செதுக்கிக்கொண்டேன். அடிக்கட்டை வெளியே, நுனி உள்ளே, ஒன்றின்மேல் ஒன்று மாட்டி, கோலால் அழுத்தி, மேலே கல் வைத்து, அந்த மரப்படிக்கு முன்னால் ஒரு அடைப்பு அடைத்தேன். சுண்டெலி போகாது. இடுப்பு வலிகூடத் தெரியவில்லை. ஓய்வு பெற்றபின் அப்படி நிறைவாக ஒரு வேலை நான் செய்ததில்லை. உண்மையைச் சொல்கிறேன்.

சாயங்காலம் மார்கரெட் அம்மா வந்தாள். அடைப்பின் முன்னால் நின்றாள். தடியால் ஒரு கிளையை லேசாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அடடா, எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருக்கிறீர்கள்" என்றாள். நன்றி என்றேன். "இனிய மாலையாக இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள். அவ்வளவுதான். ஒரு சத்தம் இல்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை, என் பரம்பரையை இழுக்கவில்லை. இவர்களா நம்மை ஆண்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அன்றும் மறுநாளும் மகள் இருட்டில் வந்து இருட்டில் போனாள். பொடக்காணியைப் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வழக்கம்போல ஒழுகிக்கொண்டிருக்கிறது. பக்கவாட்டுக் கதவு திறக்கிறது. முதலில் மார்கரெட் அம்மா. அவளுக்குப் பின்னால் கோயில் பாதிரியார். அவருக்குப் பின்னால் மதுக்கடைக்காரர், ஆட்டுக்காரர்கள், அவர்கள் மனைவிமார், எல்லாரும் மழைச்சட்டை போட்டு, கையில் தோல் உறை, செடி வெட்டும் கத்தரி. மொத்த ஊரும் வரிசையில் வருகிறது. ஒவ்வொருவராக என்னைத் தாண்டும்போது, "காலை வணக்கம், மிஸ்டர் சென்னி." "காலை வணக்கம், மிஸ்டர் சென்னி." நான் எத்தனை பேருக்குப் பதில் சொல்வேன்? மார்கரெட் அம்மா ஒரு தகர டப்பாவை என்னிடம் நீட்டி, "இதைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறீர்களா, உள்ளே கேக் இருக்கிறது" என்றாள். வாங்கிக்கொண்டேன். கையில் எதையாவது கொடுத்தால் வாங்கிக்கொள்கிறது ஒரு பழக்கம்.

தடத்தை அடைத்தால், நடக்க வேண்டிய அளவுக்கு நடப்பவரே பிரித்துக்கொள்ளலாமாம். அது அங்கே வழக்கம். ஆரம்பித்தார்கள். தெரியாத வேலை. கண்ட இடத்தில் பிடித்து இழுக்கிறார்கள், முள் ஒன்றோடொன்று இறுகுகிறது. பாதிரியார் கை கிழிந்து, மன்னிக்கவும் என்று முள்ளிடம் சொன்னார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, நம் அடைப்பு நிற்கும் என்று ஒரு எண்ணம்கூட வந்தது.

அப்போது சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு என் மகள் வந்தாள். அவர்களை விலகி நிற்கச் சொன்னாள். என் கவைக்கோல் சுவரோரம் சாய்ந்திருந்தது, அதை எடுத்தாள். மேல் கல்லை உருட்டினாள். அடிக்கட்டையில் கவையைக் கொடுத்து, ஒரு திருகுத் திருகி, ஒரு இழுப்பு. கிளை தனியாக வந்தது. அடுத்தது. அடுத்தது. கடைசியாக அடைத்ததை முதலில், முதலில் அடைத்ததைக் கடைசியில். எடுத்த முள்ளைச் சுவரோரமாக அடுக்கினாள். அடிக்கட்டை எல்லாம் ஒரே பக்கம். நுனி எல்லாம் ஒரே பக்கம்.

நான் கேக் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வேலை முடிந்ததும் எல்லாரும் படி ஏறி இறங்கி ஒருமுறை நடந்துவிட்டு வந்தார்கள். கேக்கை என் கையிலிருந்த டப்பாவிலேயே வெட்டி, எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். இன்று நல்ல நாள் இல்லையா என்று கேட்டார்கள். முள்ளைப் பற்றி ஒருவர் வாயிலும் ஒரு வார்த்தை வரவில்லை. அதைவிடச் செருப்பால் அடித்திருக்கலாம்.

எல்லாரும் போனபின், மகள் குழாயில் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். முழங்கைவரை கீறல்.

"முள்ளுப் பிரிக்க எங்க கண்ணு பழகுன?" என்றேன்.

"நம்மூர்லதான்."

"நம்மூர்ல எப்ப?"

"தை மாசம் லீவுல வந்தப்பப்பா. விடியறதுக்கு முன்னாடி. சின்னம்மாளுக்குக் காச்சல்னாங்க, குடிதண்ணிக் கொடத்தைத் தூக்கிட்டு வாய்க்கா மேட்டுல ஏறி எறங்குது. பாத்துட்டு எப்படி இருக்கறது?"

குழாயை நான் மூடிவிட்டேன்.

"நாந்தான்னு உங்ககிட்டச் சொல்றதுக்குள்ள நீங்க ஸ்டேசனுக்குப் போயிட்டீங்க. சித்தப்பாகிட்ட ஓடுனேன். 'நீ வாயத் தொறக்கக் கூடாது சாமி. பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரிக்க வருவாங்க, உம்பேரு அங்க வந்துறக் கூடாது. நான் போயி உக்காந்துட்டு வந்தர்றேன்'னாரு. போயி உக்காந்துட்டு வந்துட்டாரு."

இப்போது நீங்களே சொல்லுங்கள். என் தம்பி செய்தது நியாயமா? அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? அண்ணா, நான் செய்யவில்லை என்று சொன்னால் வாய் கிழிந்துவிடுமா? வேண்டுமென்றே போய் உட்கார்ந்திருக்கிறான். நான் ஒரு பொய்யை எழுதிக் கொடுத்து, அதைப் பிராதில் ஏற்றி, கூண்டில் ஏறிச் சத்தியம் செய்ததெல்லாம் யாரால்? அவன் வாயை மூடிக்கொண்டதால். தெரிந்தே என்னைப் பொய்யனாக்கிவிட்டு, நான்கு வருஷமாக வாய்தாவுக்கு வந்து, கோர்ட்டு வாசலில் எதிரே நின்று, என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறான். வெட்கப்பட்டுக் குனிகிறான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது பார்த்தால் எனக்காகக் குனிந்திருக்கிறான். எவ்வளவு திமிர் பாருங்கள்.

அன்றைக்கே கல்யாணப் பேச்சையும் எடுத்தேன். எப்படியும் அதற்காகத்தானே போனேன்.

"நம்ம ஊர்லயே வெச்சுக்கலாம்ப்பா. எனக்கும் அதுதான் ஆச. ராபினும் சரின்னுட்டாரு" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆனா அன்னிக்குக் காலைல சின்னம்மா அந்தத் தடத்துல நடந்து வந்து எனக்குத் தல பின்னணும்."

"அதுக்கென்ன. ரோடு இருக்குதல்ல? வாய்க்கா மேடு எறங்கற எடத்துக்குக் கார் அனுப்பறேன். சுத்திக்கிட்டு வரட்டும்."

"தடத்துல வரணும்ப்பா."

"கேசு நடக்குது கண்ணு. உங்க சித்தப்பன் மேல நான் போட்ட கேசு. நானே எப்படித் தடத்தைத் தொறக்கறது? ஊர்ல என்ன பேசுவாங்க?"

"அப்ப இங்கயே வெச்சுக்கறோம். ஆவணியில. நம்ம பொடக்காணியிலயே டேபிள் போட்டு. சித்தப்பாவும் சின்னம்மாவும் வர்றாங்க. டிக்கெட் எடுத்தாச்சு."

என்னிடம் கேட்பதற்கு முன்னால் அவர்களுக்கு டிக்கெட். பிறகு கேட்டேன்.

"அப்ப என்னைக் கூப்பிட மாட்டியா?"

கையைத் துடைத்துக்கொண்டே, கோபமே இல்லாமல் சொன்னாள். "கூப்பிடறதுக்கு என்னங்கப்பா இருக்குது? தடம் நம்ம வாசல்லயே போகுது. ஆரு வேணா வரலாம். நீங்களும் வாங்க."

அவள் அம்மா செத்தபின் வளர்த்த தகப்பன் நான். வளர்த்த என்றால், காசு அனுப்பினேன், படிக்க வைத்தேன், மீதியை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். அப்படிப்பட்ட தகப்பன் மகள் கல்யாணத்துக்கு அந்த மேப்பைத் தொங்கவிட்டவர்களோடு ஒருவனாக, சேற்றுக்காலோடு, காலை வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போய், ஒரு துண்டு கேக்கைத் தின்றுவிட்டு, மரப்படி ஏறி இறங்கிவிட வேண்டும். யாரும் தடுக்க மாட்டார்கள். அதுதான் இதில் இருக்கிற கொடுமை. தடுத்தால் சண்டை போடலாம்.

வக்கீலிடம் போன வாரமே விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் ரொம்பச் சாதாரணமாக, "ராஜி பண்ணிடலாங்க. தடத்த விட்டுக்குடுக்கறேன்னு ஒரு மனு, முடிஞ்சுது" என்றார். அவருக்கு முடிந்துவிடும். முள்ளை நான் அல்லவா எடுக்க வேண்டும். நான்கு வருஷத்து முள். மேலே கோவைக்கொடி படர்ந்து, கீழே கறையான் அரித்து, அடைப்பு எது மண் எது என்று தெரியாமல் கிடக்கிறது. மகள் மாதிரி சுத்தமாக வராது. இன்றைக்குச் சரி என்றோ இல்லை என்றோ ஏதாவது ஒன்று சொல்லிவிடச் சொல்லியிருக்கிறார். காலையிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த முறை மட்டும் எந்தப் பதிலும் வரமாட்டேன் என்கிறது.

நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகிறேன், உங்களைக் கேட்கவே இல்லை. உங்களுக்கு என்ன வழக்கு? தடமா? யார் அடைத்தது, நீங்களா? அண்ணனா. கூடப்பிறந்த அண்ணனா. எத்தனை வருஷமாக? சரி, சரி. அடைத்தவனுக்கும் இவரே வக்கீல், அடைபட்டவனுக்கும் இவரே வக்கீல். ஃபீஸ் மட்டும் இரண்டு பக்கமும் தடையில்லாமல் நடக்கிறது.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒன்று கேட்கிறேன். உங்கள் அண்ணன் ஒருநாள் காலையில் முள்ளை எல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு, அந்தத் தடத்திலேயே நடந்து வந்து உங்கள் வாசலில் நிற்கிறார் என்று வையுங்கள். முதல் வார்த்தையாக என்ன சொல்வீர்கள்? திட்டுவீர்களா? கோர்ட்டுக்கு அலைய வைத்ததைக் கேட்பீர்களா? யோசித்துச் சொல்லுங்கள், அவசரமில்லை.

சாப்பிட்டீர்களா என்று கேட்பீர்களா. அவ்வளவுதானா.

அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. திட்டினால் பதில் சொல்லிவிடலாம். அதற்கு என்ன சொல்வது?

கிளார்க் என்னைத்தான் கூப்பிடுகிறார். ஏனுங்க கிளார்க் தம்பி, கொஞ்சம் இருங்க, முதல்ல இவரு போகட்டும்.